தொலைந்தவர் என்று எழுதும் கட்டம்

வராதவர் பெயரை முதலில் பென்சிலால் எழுதுவோம்.
நான்கு வாரம் போனால் மை.
அதற்கப்புறம் பெயர் கிடையாது, எண்தான்.
எண்ணுக்கு எதிரே ஒரு கட்டம்,
கட்டத்தின் தலைப்பு: தொலைந்தவர்.

நூற்றுப் பன்னிரண்டு ஒருநாளும் பிந்தியதில்லை.
நான் பூட்டைத் திறக்கும் முன்பே
சிமென்ட் படியில் உட்கார்ந்திருப்பார்,
மூடி திருகிய குப்பி மேல்சட்டைப் பையில்,
பேனா செருகும் இடத்தில்.
விடிகாலைச் சளிதான் வேண்டும் என்று
ஒரே ஒருமுறை சொல்லியிருந்தேன்.
டர்பன் துறைமுகத்தில் இரவெல்லாம்
கண்டெய்னர்களுக்குக் காவல் நின்றுவிட்டு
நாலு மணிக்கு, கிரேன் நிழலில்,
அடிவயிற்றிலிருந்து இழுத்து
ஆராய்ச்சிக்கென்று துப்பியவர்.

சம்மதப் படிவம் பதினான்கு பக்கம்.
ஜூலுவில் பத்தொன்பது.
உங்களுக்கு வருவது புது மாத்திரையா பழசா
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது
என்று வாசித்தபோது தலை தூக்கினார்:
"பிறகு யாருக்குத்தான் தெரியும்?"
கம்ப்யூட்டருக்கு, என்றேன்.
சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
நான் முகக்கவசத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டேன்.
அதை அவர் பார்த்தார்.

இது இருபதாம் வாரம். இன்னும் பென்சில்தான்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் சாட்ஸ்வர்த்தில் பிறந்தவள் நான்.
நாற்பத்தொரு வயதுவரை
எதிரே தெரியும் உம்லாசி மேட்டில் கால் வைத்ததில்லை.
இப்போது வாரம் இருமுறை ஏறுகிறேன்,
ஐஸ் பெட்டி தோளில் இடிக்க இடிக்க.
படிவத்தில் முகவரி இப்படி இருந்தது:
நீலத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே,
முடி வெட்டும் கடை தாண்டி,
நாய் இருக்கும் வீட்டுக்கு முந்தின வீடு.
தொட்டி இருந்தது. கடை இருந்தது.
நாய் எல்லா வீட்டிலும் இருந்தது.
பெக்குமூசி எங்கே என்று வாய்விட்டுக் கேட்க முடியாது.
பெட்டியைப் பார்த்ததுமே தெருவுக்குத் தெரிந்துவிடும்,
இசிஃபோ சோஃபூபா, நெஞ்சு நோய் என்று.
மின்சார மீட்டர் பார்க்க வந்தவள் மாதிரி
வேலி வேலியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன்.

வேலை போன பிறகும் காவல் சீருடையைத் துவைத்து
கொடியில் உதறிக்கொண்டிருந்தார்.
கன்னத்தில் சதை போட்டிருந்தது.
எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கியது.
தேறிவிட்டோம் என்று மருந்தை நிறுத்தியவர்கள்
என் நோட்டில் ஏராளம்.

"நிறுத்திவிட்டீர்களா?"

உள்ளே போய் ஒரு பேக்கிங் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து
என் உள்ளங்கையில் கவிழ்த்தார்.
நாலு மாத்திரை.
"கம்பெனிக்காரன் ஆளை மாற்றிவிட்டான்.
இரண்டு டாக்ஸி பிடிக்கக் காசில்லை.
உங்கள் நம்பருக்குப் பலமுறை அடித்தேன்,
அப்படி ஒரு நம்பரே இல்லை என்கிறாள் ஒருத்தி.
தீர்ந்துவிடக் கூடாதே என்று
ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன்.
நாலு வார மருந்தை ஏழு வாரம் இழுத்திருக்கிறேன், பார்."

பள்ளிக்கூடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய பையன் முகம்.

அரை மருந்தில் கிருமி பாடம் படிக்கும்.
மூன்று நாள் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது.
அரை மருந்தில் வளர்ந்தது
அடுத்த தடவை முழு மருந்துக்கும் அசையாது.
இதை ஜூலுவில் எப்படிச் சொல்வது என்று தெரியும்.
சொன்னேன்.
உதறிய சட்டையின் ஈரம் அவர் முழங்கையில் சொட்டியது.

சாப்பிட்டார், சாப்பிடவில்லை;
படிவத்தில் இரண்டு கட்டம்தான்.
சேமித்தார் என்பதற்கு இடமில்லை.
ஆபீஸ் மாறியபோது வெட்டிப்போட்ட போன் நம்பருக்கும்
எந்தப் பக்கத்திலும் கட்டம் இல்லை.

புதுக் குப்பி ஒன்று கொடுத்தேன்.
நாளை ஐந்து மணிக்கு நானே வருகிறேன் என்றேன்.
வாங்கி, ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு,
பேனா செருகும் இடத்தில் வைத்தார்.

டப்பா மூடியைக் கேட்டு வாங்கி
அதன் உட்புறம் என் சொந்த நம்பரை எழுதினேன்.
விதிப்படி அது கூடாது.
மையால்தான் எழுதினேன்.